நின்ற எடையும் நில்லா நடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசையும் நாடகமும் நிகழ்வது மரபு. அத்தகைய மேடையில் உடம்பின் எடையைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இப்பொருள் இலக்கியத்துக்கு முற்றிலும் புறம்பானதன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் ஒன்று உண்டு. அதனுள் மருத்துவனைப் பற்றிச் சொல்லும் குறள்கள் இறுதியில் சிலவே. பெரும்பாலானவை உண்ணும் அளவையும் பசியையும் செரிமானத்தையும் பற்றியே பேசுகின்றன. மருந்து என்று பெயரிட்டு உணவைப் பற்றிப் பேசிய அப்புலவரின் வழியில் நாமும் இன்று சற்று நேரம் செல்வோம்.

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லுதல் எளிது. அறிவுரை கூறுவோர் நம்மிடையே மிகுதி. குறைக்கத் தொடங்குவோரும் மிகுதி. ஆனால், முறையாக நடந்து, முறையாக உண்டு, சில திங்கள் நன்றாகக் குறைந்த பிறகு எடை ஓரிடத்தில் நின்றுவிடுகிறதே, அப்பொழுது என்ன செய்வது என்று எடுத்துரைப்போர் மிகச் சிலர். இன்றைய பேச்சின் பொருள் அதுதான்.

இந்நகரில் ரவீந்திர சரோவரின் கரையில் விடியற்காலையில் நடப்போரை நாம் அனைவரும் அறிவோம். லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. ஆகவே அந்த ஏரிக்கரையில் தமிழ்ப் பேச்சுக் காதில் விழுவது அரிதன்று. மருத்துவர் எச்சரித்த மறுநாளே நடக்கத் தொடங்கியவர்கள் அங்கே உண்டு. முதல் திங்களில் மூன்று கிலோ குறைகிறது. இரண்டாம் திங்களில் இரண்டு குறைகிறது. மூன்றாம் திங்களில் ஒன்று. ஆறாம் திங்கள் வரும்போது எடைக் கருவி அசைய மறுக்கிறது. நடையை நிறுத்தவில்லை, கட்டுப்பாட்டையும் கைவிடவில்லை, ஆயினும் எடை இறங்கவில்லை. அந்த நாளில்தான், 'இத்தனை பாடும் வீண்தானோ?' என்ற கேள்வி உள்ளத்தில் எழுகிறது. விடை கிடைக்காதவர் அடுத்த திங்களில் நடையை விடுகிறார். அதற்கடுத்த திங்களில் உணவுக் கட்டுப்பாட்டையும் விடுகிறார். ஆண்டு முடிவில் பழைய எடை திரும்பி வந்து அமர்ந்துகொள்கிறது.

எடை நின்றதனால் விளைந்த கேடு அன்று இது. நின்றதன் பொருளை அறியாமையால் விளைந்த கேடு. ஆகவே அப்பொருளை முதலில் ஆராய்வோம்.

தொடக்கத்தில் எடை விரைந்து குறைவதே பலரை ஏமாற்றிவிடுகிறது. நம் உடம்பு கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேமித்து வைத்திருக்கிறது. அது ஏறத்தாழ அரைக் கிலோ அளவினது. அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்கு நீர் பிணைந்திருக்கிறது. உணவைக் குறைத்தவுடன் உடம்பு இச்சேமிப்பின்மேல் கை வைக்கிறது. மாவுப்பொருள் செலவாகும்போது அதனோடு பிணைந்த நீரும் வெளியேறுகிறது. இவ்வாறு ஒன்றிரண்டு கிலோ சில நாள்களிலேயே போய்விடுகின்றன. போனது கொழுப்பு அன்று, பெரும்பாலும் நீர். அந்த வேகத்தை அளவுகோலாகக் கொண்டு பின்வரும் திங்கள்களை அளப்பவர், உண்மையில் கொழுப்புக் கரைந்துகொண்டிருக்கும் நாள்களிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று மயங்குகிறார்.

அடுத்து, கணக்கில் உள்ள பிழை ஒன்றைக் காண்போம். 1958ஆம் ஆண்டில் மாக்ஸ் விஷ்னாப்ஸ்கி என்னும் அமெரிக்க மருத்துவர் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒரு பவுண்டு உடல் எடைக்கு 3,500 கலோரி ஈடாகும் என்பது அது. கிலோ அளவில் சொன்னால் ஏறத்தாழ 7,700 கலோரி. கணக்கு எளிமையானது, ஆகவே உலகெங்கும் பரவிவிட்டது. நாள்தோறும் உணவில் 500 கலோரியைக் குறைத்தால் ஓராண்டில் எவ்வளவு எடை குறையும்? இக்கணக்கின்படி 24 கிலோ குறைய வேண்டும். நல்லது. மூன்றாண்டில்? 71 கிலோ குறைய வேண்டும்! 80 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்றாண்டு முடிவில் 9 கிலோ எடையோடு நம் முன்னே வந்து நிற்க வேண்டும். இது நடவாது என்பதைக் குழந்தையும் அறியும். எனினும் இக்கணக்கை நம்பி, 'எமக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை?' என்று வருந்துவோர் எத்தனை பேர்!

இக்கணக்கு மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. வரவு குறைந்தால் உடம்பின் செலவும் குறைந்துகொண்டே வரும் என்பதே அது. பெரிய வீட்டுக்கு விளக்குகள் மிகுதி. சிறிய வீட்டுக்கு அவை குறைவு. 80 கிலோ உடம்பைத் தாங்கி நடப்பதற்கு வேண்டிய ஆற்றல், 70 கிலோ உடம்பைத் தாங்கி நடப்பதற்கு வேண்டியதில்லை. அதே ஏரிக்கரை, அதே சுற்று, அதே நேரம்; ஆனால் செலவு குறைவு. உறங்கும்போதும் அப்படியே. ஆகவே முதல் நாளில் வரவுக்கும் செலவுக்கும் இடையே இருந்த 500 கலோரிப் பள்ளம் நாளடைவில் தூர்ந்துவிடுகிறது. பள்ளம் தூர்ந்த இடத்தில் எடை நிற்கிறது.

இதனை ஆராய்ந்து புதிய கணக்கொன்றைத் தந்தவர் அப்போது அமெரிக்க நாட்டு நலவாழ்வு நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹால். 2011ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் அவரும் அவருடைய துணைவர்களும் அதனை வெளியிட்டனர். நாள் உணவில் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் இறுதியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஓராண்டு ஆகும். ஏறத்தாழ முழுதும் குறைய மூன்றாண்டு ஆகும். அப்படியானால் 500 கலோரியைக் குறைப்பவர் ஓராண்டில் எதிர்பார்க்க வேண்டுவது 24 கிலோ அன்று. 10 கிலோ அளவே. அதற்குப் பிறகு இறக்கம் மேலும் மெதுவாகும், இறுதியில் நின்றுவிடும். நிற்பது உடம்பின் இயற்கை. அது நோயும் அன்று, தோல்வியும் அன்று.

ஓர் ஐயம் எழலாம். புதிய கணக்கின்படியே பார்த்தாலும் எடை மூன்றாண்டு வரையில் மெல்ல மெல்லக் குறைய வேண்டுமல்லவா? ஆறாம் திங்களிலோ எட்டாம் திங்களிலோ பலர்க்கும் நின்றுவிடுவது ஏன்?

இதற்கு விடை பசியில் இருக்கிறது. 2016இல் ஹால் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, உடம்பில் ஒரு கிலோ குறையுந்தோறும் உடம்பின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. ஆனால் பசியின் தூண்டுதலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. செலவு சுருங்குவதைக் காட்டிலும் பசி விரிவது மூன்று மடங்குக்கும் மிகுதி! எட்டுக் கிலோ குறைத்தவர், 800 கலோரி மிகுதியாகக் கேட்கும் பசியோடு ஒவ்வொரு நாளும் போராடுகிறார். அவர் அதை அறிவதில்லை. 'மனவுறுதி தளர்ந்துவிட்டதே' என்று தம்மையே நொந்துகொள்கிறார். உண்மையில் அவருடைய உறுதி தளரவில்லை. அவர்மேல் ஏற்றப்பட்ட சுமைதான் பெருகியிருக்கிறது.

உடம்பு ஏன் இவ்வாறு நமக்கு எதிராக நிற்கிறது? எதிராக நிற்கவில்லை; நம்மைக் காக்கவே நிற்கிறது. 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லிவந்தனர். நாம் வாழும் இந்த வங்கத்தில் 1943ஆம் ஆண்டின் பஞ்சம் ஏறத்தாழ முப்பது இலட்சம் உயிர்களைக் கொண்டது. இந்நகரின் தெருக்கள் அதற்குச் சான்றாக இருந்தன. அத்தகைய காலங்களில், குறைந்த உணவில் நெடுநாள் தாங்கிய உடம்பே பிழைத்தது. குறைவு நேரும்போது செலவைச் சுருக்கி, பசியைப் பெருக்கி, கொழுப்பைக் கட்டிக் காக்கும் பண்பு மனித இனத்துக்கு வாய்த்த காப்பு. நாம் மனமுவந்து ஏற்ற உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பஞ்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை உடம்பு அறியாது.

இந்தப் பண்பை அறிவியல் தெளிவாகக் கண்டது இரண்டாம் உலகப் போரின் இறுதியில். அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944–45இல் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத இளைஞர் 36 பேர் தாமே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். 24 வாரங்கள் அவர்களுக்குக் குறைந்த உணவே தரப்பட்டது. வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. உணவுக் குறைவும் நடையும் சேர்ந்தன. அவர்களுடைய எடை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. ஆனால் ஓய்ந்திருக்கையில் உடம்பு செய்யும் செலவோ 40 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. நாடித்துடிப்பு மெலிந்தது. உடம்பு குளிர்ந்தது. நினைவெல்லாம் உணவையே சுற்றியது. அவ்விளைஞர்கள் காட்டியது மனவுறுதியின் எல்லையை அன்று, உடம்பின் சிக்கனத்தை.

அச்சிக்கனத்தின் தூதுவன் யார் என்பது 1994இல் விளங்கியது. நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவில் பிறக்கும் இச்சுரப்பு, கொழுப்பின் இருப்பை மூளைக்கு அறிவிக்கிறது. கொழுப்புக் குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை பசியை எழுப்பிச் செலவைச் சுருக்குகிறது. 2011இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, எடை குறைந்து ஓராண்டு கடந்த பிறகும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று காட்டியது. ஆகவே, 'சில நாள் பொறுத்தால் பசி பழகிவிடும்' என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறுவதில் பயனில்லை. பசி இருக்கும் என்று அறிந்து, அதற்கேற்ப வழி வகுத்துக்கொள்வதே அறிவு.

இதுவரை உடம்பின் பங்கைப் பார்த்தோம். நம் பங்கையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். 1992இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வொன்று நினைவிற்கொள்ளத்தக்கது. எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை குறைவதில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை ஆய்வாளர்கள் தேர்ந்தனர். அவர்கள் எழுதி வைத்த உணவுக் கணக்கு நாளொன்றுக்கு 1,028 கலோரி. தனிச்சிறப்பான நீரைப் பருகச் செய்து, உடம்பின் உண்மையான செலவை அளந்து கணக்கிட்டபோது, அவர்கள் உண்டது 2,081 கலோரி என்று தெரிந்தது. தம் உடலுழைப்பையோ பாதியளவு கூட்டிச் சொல்லியிருந்தனர். அவர்களுடைய உடம்பின் செலவில் குறை ஏதும் இல்லை. அவர்களைப் பொய்யர் என்று கொள்ளுதல் கூடாது. கண் காணாமல், மனம் கணக்கெடுக்காமல் உண்பது மனிதர் அனைவர்க்கும் இயல்பு. பசி மிகுந்த உடம்புக்கு அது இன்னும் இயல்பு.

நம் வாழ்க்கையைப் பார்ப்போம். காலையில் நான்கு கிலோமீட்டர் நடந்த 80 கிலோ எடையுள்ளவர், சும்மா இருந்திருந்தால் ஆகும் செலவுக்கு மேல் 160 முதல் 200 கலோரி வரை செலவிடுகிறார். நடந்து முடித்துத் திரும்பும் வழியில் கச்சூரிக் கடையின் மணம் வருகிறது. இரண்டு கச்சூரியும் ஒரு கோப்பைத் தேநீரும் அச்செலவை முழுதும் ஈடு செய்துவிடும். வீட்டில் நாளைக்கு நான்கு முறை காப்பி. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. அதுவே 160 கலோரி. குளிர்காலத்தில் ஈச்சவெல்லம் வந்துவிட்டால் சந்தேஷுக்கு மறுப்புச் சொல்ல இந்நகரில் எவர்க்கு மனம் வரும்? நாம் இரண்டு விருந்து மரபுகளுக்கு உரியவர்கள். பொங்கலும் நமக்கு உண்டு. துர்க்கா பூசையும் நமக்கு உண்டு. இலையும் தட்டும் நமக்கு உண்டு. அதனால் நமக்குக் கணக்கும் இருமடங்கு வேண்டும்.

இனி, எடை நின்றுவிட்டால் செய்யத்தக்கவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதலாவது, உண்மையாகவே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். உப்பு மிகுந்த ஒரு விருந்து, பெண்களுக்குத் திங்கள்தோறும் நேரும் உடல் மாற்றம், புதிதாகத் தொடங்கிய கடும் பயிற்சி ஆகியவற்றால் உடம்பில் நீர் தங்கி, ஒன்றிரண்டு கிலோவை ஏற்றிக் காட்டும். நாள்தோறும் காலையில் ஒரே வேளையில் எடை பார்த்து, வாரத்தின் சராசரியை எழுதி வைத்து, நான்கு வாரங்களை ஒப்பிட வேண்டும். ஒரு நாளின் எண்ணைக் கண்டு மகிழ்வதும் துயருறுவதும் வேண்டா. எடையோடு இடுப்பின் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்தியருக்கு வகுத்த வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. எடை நின்ற திங்களில் இடுப்புச் சுருங்குவதும் உண்டு.

இரண்டாவது, இரண்டு வாரம் உண்பன அனைத்தையும் எழுத வேண்டும். எண்ணெயை மறக்கலாகாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. இதற்கு எளிய வழி உண்டு. நால்வர் உள்ள வீட்டில் திங்களுக்கு நான்கு லிட்டர் எண்ணெய் ஆகிறதென்றால், தலைக்கு நாளொன்றுக்கு 270 கலோரி எண்ணெயில் மட்டும் சேர்கிறது. அதை மூன்று லிட்டராக்கினால், எவர் இலையிலும் சோற்றைத் தொடாமலே, ஒவ்வொருவர்க்கும் ஏறத்தாழ 70 கலோரி குறைந்துவிடும். சமைப்பவர் ஒருவர் மட்டும் பாடுபடும் செயலாக இது அமையாது, குடும்பமே சேர்ந்து செய்யும் செயலாக அமைய வேண்டும்.

மூன்றாவது, புதிய எடைக்கு ஏற்பப் புதிய கணக்கு வகுக்க வேண்டும். மேலும் சிறிது குறைக்கலாம். மேலும் சிறிது நடக்கலாம். 100 அல்லது 150 கலோரி போதும். சினங்கொண்டு பட்டினி கிடப்பது தீது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டுக்குப் பின் ஆராய்ந்த செய்தி 2016இல் வெளிவந்தது. முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவை மீண்டும் பெற்றிருந்தனர். ஓய்ந்திருக்கையில் அவர்களுடைய உடம்பு செய்யும் செலவோ, இருக்க வேண்டிய அளவைவிட 500 கலோரி குறைவாகவே இருந்தது.

நான்காவது, தசையைக் காக்க வேண்டும். குறையும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு தசை முதலான கொழுப்பல்லாத பகுதியாகவே போகிறது. வயது முதிர்ந்தவர்க்கு இது பெரிய இழப்பு. நிற்கவும் ஏறவும் விழாமல் இருக்கவும் வேண்டிய வலிமை அதுவன்றோ? உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற பயிற்சியோடு, இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பலமுறை எழுந்து அமர்தலும், சுவரில் கையூன்றித் தள்ளுதலும் வீட்டிலேயே செய்யத்தக்கவை. உணவில் சோற்றின் ஒரு பகுதி குறைந்து, பருப்பும் சுண்டலும் தயிரும் முட்டையும் மீனும் கூட வேண்டும். இவை பசியைத் தாங்கவும் துணை செய்யும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, எஞ்சிய நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரம் நடந்துவிட்ட நிறைவில், பதினைந்து மணி நேரம் அமர்ந்திருப்போர் நம்முள் பலர். உணவு குறைந்த உடம்பு தன்னையறியாமலே அசைவைக் குறைத்துக்கொள்ளும். படி ஏறுதல், கடைக்கு நடந்து செல்லுதல், வீட்டு வேலையில் பங்கு கொள்ளுதல் ஆகியவற்றால் அதனை மாற்றலாம். இந்நகரில் கோடையின் புழுக்கத்திலும் மழைநாளிலும் ஏரிக்கரை நடை தடைப்படும். அந்நாள்களுக்கென வீட்டுக்குள் செய்யும் பயிற்சியை முன்னரே வகுத்து வைப்பவர் பிழைத்துக்கொள்வார்.

ஆறாவது, உறக்கம். 2010இல் சிக்காகோவில் செய்த ஆய்வில், ஒரே அளவு உணவை உண்டு, ஒரு முறை எட்டரை மணி நேரமும் மற்றொரு முறை ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருந்தவர்களின் எடை இரு முறையும் ஒரே அளவு குறைந்தது. ஆனால் உறக்கம் குறைந்தபோது போன கொழுப்புப் பாதிக்கும் குறைவு. போன தசை மிகுதி. நள்ளிரவு வரையில் கைபேசியைப் பார்த்துவிட்டு விடியலில் நடக்க எழுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏழாவது, மருத்துவரை அணுகுதல். தைராய்டுச் சுரப்புக் குறைவு எடையைத் தேக்கும். இன்சுலின், நீரிழிவுக்கான சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் எடையை ஏற்றவல்லவை. இவற்றைத் தாமே நிறுத்துதல் பெருந்தவறு. மருத்துவரிடம் சொல்லி மாற்று வழி காணுதல் முறை. இன்சுலினோ அத்தகைய மாத்திரைகளோ கொள்வோர் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரும் என்பதையும் மறத்தலாகாது. செமாகுளூடைடு போன்ற புதிய ஊசி மருந்துகள் இப்பொழுது நம் நாட்டிலும் கிடைக்கின்றன. அவை பசியின் குரலையே தணிப்பவை. 2021இல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காட்டளவு எடை குறைந்தது. ஆனால் அங்கும் எடை ஓரிடத்தில் நின்றது. மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டில், குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றனர். மருந்துக்கும் தேக்கம் உண்டு. நின்றதைக் காக்கும் கடமை அங்கும் உண்டு.

அன்பர்களே! இவையனைத்தையும் செய்த பிறகும் எடை இறங்காமல் போகலாம். அப்பொழுது என்ன? இன்றைய பேச்சின் உயிர்நிலை இக்கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது.

சென்னையில் மருத்துவர் அம்பாடி இராமச்சந்திரன் குழுவினர் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்னும் ஆய்வை நிகழ்த்தி 2006இல் வெளியிட்டனர். நீரிழிவின் வாயிலில் நின்றவர்கள் 531 பேர். அவர்களுள் ஒரு பிரிவினர் வழக்கம்போல் வாழ்ந்தனர். மற்றொரு பிரிவினர் நடையையும் உணவு முறையையும் மேற்கொண்டனர். மூன்றாண்டில் முதற்பிரிவினருள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது; மற்றப் பிரிவினருள் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. நடந்தவர்களின் எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்பீர்கள். சராசரியில் அது குறையவே இல்லை! எடைக் கருவி அசையாமல் நின்றது. ஆயினும் நோய் பின்வாங்கியது. 'இத்தனை பாடும் வீண்தானோ?' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு வேண்டுமா?

எடைக் கருவி சொல்லாத செய்திகள் பல. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டன் மருத்துவர் ஜான் யட்கின் ஆகிய இருவரும் தம் படத்தையே 2004இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவர்க்கும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு, ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. ஓர் எண்ணைக் கொண்டு உடம்பை முழுதும் அறிந்துவிட இயலாது என்பதற்கு இது போதிய சான்று. இரத்த அழுத்தம், சர்க்கரையின் அளவு, இடுப்பின் சுற்றளவு, படியேறும்போது மூச்சு வாங்காமை, இரவில் நல்ல உறக்கம் ஆகியவையும் சேர்ந்தே நம் கணக்கு.

மேலும், 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நன்மை பெறும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. எட்டுக் கிலோ குறைத்து, அங்கே நின்று, அந்த இடத்தை ஐந்தாண்டு காப்பவர், பதினைந்து கிலோ குறைத்து இருபது கிலோ ஏறியவரைவிட உயர்ந்த வெற்றியாளர். ஏறுவது ஒரு திறன். ஏறிய இடத்தில் ஊன்றி நிற்பது மற்றொரு திறன். நிற்கும் திறனை நாம் போற்றுவதில்லை. அதற்கு மாலையிடுவதும் இல்லை. 800 கலோரி கேட்கும் பசியோடு ஒவ்வொரு நாளும் உடன்பாடு செய்துகொண்டு, அதே எடையில் நிற்பவர் சோம்பியிருப்பவர் அல்லர். ஓடும் ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஒரே இடத்தில் நிற்பவர் போன்றவர் அவர். கரையிலிருந்து பார்ப்பவர்க்கு அவர் அசையாதவராகவே தோன்றுவார்.

ஆகவே நம் சங்கத்தாரிடம் வேண்டுகோள் ஒன்று உண்டு. விழாக்களில் ஒருவரையொருவர் காணும்போது, 'இளைத்துவிட்டீர்களே!' என்றும், 'மறுபடியும் பருத்துவிட்டீர்களே!' என்றும் பேசும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அச்சொல் கேட்டு நடையை நிறுத்தியவர்கள் உண்டு. தாய்மார்கள் அதனால் படும் மனவேதனை மிகுதி. 'எத்தனை கிலோ குறைந்தது?' என்று கேட்பதையும் விடுவோம். அதற்கு மாறாக, ஏரிக்கரையிலும் சந்தையிலும் இந்த மண்டபத்திலும் சந்திக்கும்போது ஒன்றை மட்டும் கேட்போம்: 'இன்னும் நடக்கிறீர்களா?' ஆம் என்று விடை வருமாயின், அவர் உடம்பில் நிகழவேண்டிய நன்மை நிகழ்ந்துகொண்டே இருக்கிறது என்று மகிழ்வோம். இல்லை என்று விடை வருமாயின், 'நாளைக் காலையில் சேர்ந்தே நடப்போம், வாருங்கள்' என்று அழைப்போம்.